கருங்கல் விளிம்பில் ஏறும் மெருகு

கிரானைட் பலகை ஒன்றின் முகத்தை மெருகேற்றுவதைவிட அதன் விளிம்பை மெருகேற்றுவது பன்மடங்கு சிரமமான காரியம் என்பதை, வீடு கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் விலை பேசும்போதுதான் முதன்முதலாக அறிகிறார்கள். திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரத்தை நோக்கிச் செல்லும் திருச்சி நெடுஞ்சாலையில், இரும்புச் சட்டங்களில் பலகைகளைச் சாய்த்து வைத்திருக்கும் கடைகளுக்குள் நுழைகிறவர்கள், நிறத்தையும் பளபளப்பையும் பார்த்துக் கல்லைத் தேர்ந்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடித்த பிறகு, விளிம்பு மோல்டிங்குக்கு ரன்னிங் அடிக் கணக்கில் தனிக் கூலி உண்டு என்று கடைக்காரர் சொல்லக் கேட்டு, ஒரு விரற்கடை அகலமுள்ள ஓரத்துக்கு இத்தனை கூலியா என்று வியக்கிறார்கள். அந்தக் கூலிக்குப் பின்னால் இருக்கிற காரணங்கள் கல்லின் பிறப்பையும் ஒளியின் இயல்பையும் தொடுகிறவை.

பலகையின் முகம் ஆலையிலேயே மெருகேறி வந்துவிடுகிறது. வரிசையாக அமைந்த சுழல் தலைகளின் அடியில் கல் மெல்ல நகர்ந்து செல்ல, ஒவ்வொரு தலையும் முந்தையதைவிட மென்மையாகத் தேய்த்து அனுப்புகிறது. முகத்திலுள்ள ஒவ்வொரு தாதுமணியையும் அதன் நான்கு புறமும் அடியிலும் உள்ள அண்டை மணிகள் இறுகப் பற்றிக்கொண்டிருப்பதால், மேலிருந்து வரும் அழுத்தத்தை அது தாங்கிக்கொள்கிறது. விளிம்பிலோ இரண்டு முகங்கள் கூடுகின்றன. அந்தக் கூட்டுக்கோட்டில் இருக்கும் மணிக்கு வெளிப்புறத்தில் ஆதரவு கிடையாது. தேய்க்கும் சக்கரம் சற்றே முரட்டுத்தனமாகப் பட்டாலும் அந்த மணி முழுதாகப் பெயர்ந்து, கண்ணுக்குத் தெரியும் ஒரு பள்ளத்தை விட்டுச் செல்கிறது. நொறுங்கும் இயல்புள்ள பொருள்கள் ஏன் தம் கணக்கிட்ட வலிமைக்கு வெகு முன்பே உடைந்துவிடுகின்றன என்பதை 1921-இல் விளக்கிய கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியியலறிஞர், அவற்றில் ஏற்கெனவே மறைந்திருக்கும் நுண்ணிய வெடிப்புகளின் முனைகளில் பாரமெல்லாம் குவிவதே காரணம் என்று காட்டினார். கல்லின் விளிம்பு, அறுவை வாளின் அடியை அப்போதுதான் வாங்கியிருப்பதால், அத்தகைய வெடிப்புகள் மிகுந்த இடமாகும்.

இந்த விளிம்புப் பிரச்சினை இந்தப் பிரதேசத்துக்குப் புதியதன்று. விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் உள்ள மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எவையும் இல்லாமல் பிரம்மா, ஈசுவரன், விஷ்ணு ஆகிய மூவருக்கும் இவ்வாலயத்தை விசித்திரசித்தன் சமைத்தான் என்று கிரந்த எழுத்தில் அமைந்த சமஸ்கிருதக் கல்வெட்டு அங்கே கூறுகிறது. சரித்திர மாணவர்கள் அந்தக் கல்வெட்டைப் படிக்கச் செல்கிறார்கள்; நான் அதன் தூண்களையும் கவனிக்கச் சொல்வேன். அடியிலும் தலையிலும் சதுரமாக இருக்கும் தூண், நடுப்பகுதியில் எண்பட்டையாக மாறுகிறது. சதுரத் தூணின் நான்கு மூலைகளையும் சாய்வாகச் செதுக்கி எடுத்தால் எண்பட்டை பிறக்கும். அவ்வாறு செதுக்கும்போது 90 பாகையாக இருந்த மூலை ஒவ்வொன்றும் 135 பாகை கொண்ட இரண்டு மூலைகளாகப் பிரிகின்றது. மழுங்கிய கோணத்தில் நிற்கும் மணிக்கு அண்டையின் ஆதரவு அதிகம். அதனால் அது எளிதில் பெயராது. இன்றைக்குக் கடைகளில் சேம்பர் என்று சொல்லி, பலகையின் கூர்விளிம்பில் இரண்டு மில்லிமீட்டர் சாய்வு எடுக்கிறார்களே, அதற்கும் இதே ஜியோமிதிதான் ஆதாரம்.

எல்லாக் கல்லும் ஒரே மாதிரி மெருகை ஏற்பதில்லை. செஞ்சிக் கோட்டை நிற்கும் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரயான் துர்க்கம் ஆகிய குன்றுகள் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முந்திய கிரானைட் பாறையினால் ஆனவை. குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், அப்பிரகம் ஆகிய மூன்றும் கலந்த அந்தப் பாறையில், மோஸ் அளவுகோலின்படி குவார்ட்ஸின் கடினம் 7. ஃபெல்ஸ்பாரின் கடினம் 6. அப்பிரகமோ நகத்தைவிடச் சற்றே கடினமானது, 3-க்கு மேல் போகாது. இவை மூன்றும் ஒரே சக்கரத்தின் கீழ் ஒரே வேகத்தில் தேய்வதில்லை; அப்பிரகம் உதிர்ந்து நுண்குழிகளை உண்டாக்க, குவார்ட்ஸ் மேடாக நிற்கிறது. திண்டிவனம் வட்டாரத்திலுள்ள குன்னம் என்ற ஊரின் கருங்கல் இதற்கு மாறானது. 1978-இல் செயல்படத் தொடங்கிய தமிழ்நாடு கனிம நிறுவனம், அதாவது டாமின், வெட்டி விற்ற கற்களில் பெயர் பெற்றது அது. வணிகர்கள் இத்தகைய கற்களைக் கறுப்பு கிரானைட் என்று சொன்னாலும், புவியியலார் இவற்றை டாலரைட், கேப்ரோ என்ற வகைகளில் சேர்ப்பார்கள்; குவார்ட்ஸ் அநேகமாக இல்லாமல், ஃபெல்ஸ்பாரும் பைராக்ஸீனும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு, கடினத்தில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லாமல், பொடி மணிகளாய் உறைந்த பாறைகள் இவை. விளிம்பு வேலைக்கு இதைக் காட்டிலும் உகந்த கல்லை நான் அறியேன்.

குவார்ட்ஸ் இல்லாமையால் குவாரியிலேயே ஒரு வித்தியாசம் தோன்றிவிடுகிறது. குவார்ட்ஸ் 573 பாகை செல்சியஸில் திடீரென்று வடிவம் மாறி விரிவடைவதால், குவார்ட்ஸ் மிகுந்த கல்லை ஜெட் பர்னரின் தீச்சுவாலையைக் காட்டிப் பொரித்துப் பொரித்தே பிளந்துவிடலாம். கறுப்புக் கல் அந்தச் சுவாலைக்கு மசியாது. துளைகளை வரிசையாகப் போட்டு ஆப்பு அடித்தோ, வைரமணிகள் கோத்த கம்பியை ஓட்டி அறுத்தோதான் அதைப் பெயர்க்க வேண்டும்.

மெருகு என்றால் என்ன என்ற கேள்விக்கு வருவோம். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அறிஞர்கள் இதைப் பற்றி வாதித்திருக்கிறார்கள் என்பதே பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 1704-இல் வெளிவந்த தம் ஒளியியல் நூலில் நியூட்டன், கண்ணாடியை மணலாலும் பொடியாலும் தேய்க்கும்போது கீறல்கள் மறைவதில்லை, பொடியின் நுண்மைக்கு ஏற்பச் சிறுத்துச் சிறுத்துக் கடைசியில் கண்ணுக்குப் புலப்படாமல் போகின்றன என்ற அபிப்பிராயத்தைக் கூறினார். 1901-இல் இதே பொருளைப் பற்றி ஓர் உரை நிகழ்த்திய ராலே பிரபு, கரடாகத் தேய்க்கும்போது கண்ணாடி துண்டு துண்டாக உடைந்து குழிகள் விழுகின்றன என்றும், கடைசி மெருகில் உடைப்பு நின்றுபோய், பொருள் ஏறக்குறைய மூலக்கூறு மூலக்கூறாக அகற்றப்படுகிறது என்றும் வேறுபடுத்திக் காட்டினார். அதன்பின் வந்த பெயில்பி, மெருகேறும் மேற்பரப்பு ஒரு திரவப் படலம்போல் ஒழுகிக் குழிகளை மூடிவிடுகிறது என்று வாதித்தார். 1937-இல் கேம்பிரிட்ஜில் பவுடனும் ஹியூஸும் செய்த சோதனைகள், தேய்க்கும் பொருளின் கடினத்தைவிட அதன் உருகுநிலையே சில சமயங்களில் முக்கியம் என்று காட்டி, உராயும் புள்ளிகளில் உண்டாகும் உஷ்ணத்தைக் கணக்கில் சேர்த்தன.

கல் வேலைக்காரருக்கு இந்த விவாதத்திலிருந்து கிடைக்கும் சாரம் எளிமையானது. வைரமணி கல்லுக்குள் ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்கு மேல் இறங்கினால் கல் நொறுங்குகிறது. அந்த எல்லையைத் தாண்டாமல் இறங்கினால், அதே கல் உலோகத்தைப் போல இழைந்து சீவப்படுகிறது. அந்த எல்லை ஒரு மைக்ரானைவிட, அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட, சிறிது. ஆகவே மெருகேற்றுதல் என்பது நொறுக்குதலிலிருந்து சீவுதலுக்குப் படிப்படியாகக் கல்லை அழைத்துச் செல்லும் பிரயாணம். அந்தப் படிகளுக்குத்தான் 50, 100, 200, 400, 800, 1500, 3000 என்று எண்கள் இட்டிருக்கிறார்கள். எண் ஏற ஏற மணி சிறுக்கும். 200-ஆம் எண் மணியின் பருமன் சுமார் 75 மைக்ரான், நம் தலைமயிர் ஒன்றின் கனம்; 3000-ஆம் எண் மணியோ சில மைக்ரான் அளவே. ஒவ்வொரு படியும் தனக்கு முந்தைய படி உண்டாக்கிய கீறலை மட்டுமல்லாமல், அந்தக் கீறலின் அடியில் கல்லுக்குள் இறங்கிப்போன வெடிப்பையும் தேய்த்து அகற்ற வேண்டும். அவசரத்தில் 400-ஐத் தாவி 800-க்குப் போகிறவர், கடைசியில் பளபளப்பைப் பெறுவார். ஆனால் சாய்வாக வெளிச்சம் படும் மாலை நேரத்தில், அந்தப் பளபளப்புக்குள்ளிருந்து 200-ஆம் எண்ணின் கோடுகள் வரிவரியாக எழுந்து நிற்கும்.

ஒளியின் பக்கத்திலிருந்து பார்த்தால், மேற்பரப்பின் மேடுபள்ளம் ஒளியலையின் நீளத்தில் எட்டில் ஒரு பங்குக்கும் குறையும்போது, நேரே விழும் கிரணங்கள் சிதறாமல் ஒரே திசையில் திரும்புகின்றன. பச்சை ஒளியின் அலைநீளம் 0.55 மைக்ரான், அப்படியானால் மேடுபள்ளம் 0.07 மைக்ரானுக்குள் அடங்க வேண்டும். கிரணம் மிகச் சாய்வாக விழுந்தால் இந்த நிபந்தனை தளர்கிறது. அரைகுறையாகத் தேய்த்த கல்லும் கண்ணைக் கல்லின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்க்கையில் மினுமினுப்பது அதனால்தான். மெருகேறிய கறுப்புக் கல் தன்மேல் நேராக விழும் ஒளியில் சுமார் 5 சதவீதத்தையே திருப்புகிறது. தேய்க்காத கல் சாம்பல் நிறமாகத் தோன்றுவதற்குக் காரணம், கரடான மேற்பரப்பில் எல்லாத் திசைகளிலும் சிதறும் வெள்ளொளி நிறத்தின்மேல் திரையிட்டு விடுவதுதான். மெருகு ஏறியதும் சிதறல் நின்று, உள்ளே புகுந்த ஒளி தாதுக்களால் உறிஞ்சப்பட்டு, கல் மையிருட்டாகிறது. 1982-இல் வாஷிங்டனில் எழுப்பப்பட்ட வியட்நாம் போர் நினைவுச் சுவருக்குப் பெங்களூர்ப் பக்கத்துக் கறுப்புக் கல்லைக் கொண்டுபோனார்கள். அதில் பொறித்த பெயர்களுக்கிடையே பார்க்க வருகிறவரின் முகம் தெரிவது இந்தச் சிதறலின்மையால்தான்.

விளிம்பில் இவ்வளவையும் கையால் செய்வதானால், கைமிஷினில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒவ்வொரு பேடாக மாற்றி மாற்றி, மணிக்கட்டின் சாய்வை ஒரே சீராக வைத்துக்கொண்டு தேய்க்க வேண்டும். வீடு கட்டும் இடங்களில் இன்றும் அப்படித்தான் நடக்கிறது. தேர்ந்த கைகள் அற்புதமாகச் செய்கின்றன. ஆனால் ஒன்பது அடி நீளமுள்ள சமையல் மேடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை அரைவட்ட விளிம்பின் வளைவு இம்மியும் மாறாமல் வருவது எந்தக் கைக்கும் அரிது. அந்த இடத்தில்தான் சி.என்.சி. யந்திரம் உதவிக்கு வருகிறது. எண்களால் யந்திரத்தை ஆளும் இந்த வித்தை, ஹெலிகாப்டரின் சுழலிறக்கைகளைச் செய்துகொண்டிருந்த ஜான் பார்சன்ஸ் என்ற அமெரிக்கரின் தேவையிலிருந்து முளைத்து, 1952-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் துளையிட்ட காகித நாடாவைப் படித்து உலோகம் கடைந்த யந்திரமாக முதலில் உலகுக்குக் காட்டப்பட்டது. கல்லுக்கு அது மிகவும் பிற்பட்டே வந்து சேர்ந்தது.

யந்திரத்தின் மேஜைமேல் ரப்பர் வளையம் கொண்ட உறிஞ்சு குவளைகள் இருக்கின்றன. அவற்றின்மேல் பலகையை வைத்துக் காற்றை இழுத்துவிட்டால், வாயுமண்டலத்தின் அழுத்தமே பலகையை அசையாமல் பிடித்துக்கொள்கிறது. விளிம்பைச் சுற்றிலும் கவ்வியோ திருகோ குறுக்கே நிற்பதில்லை. மேலே பாலம்போல் நிற்கும் சட்டத்தில் சுழல்தண்டு மூன்று திசைகளில் நகர்கிறது. அதன் நுனியில் மாட்டும் சக்கரத்தின் இடுப்பு, வேண்டிய விளிம்பின் எதிர்வடிவமாகக் குழிந்திருக்கும்: வெளியே புடைத்த அரைவட்டம் வேண்டுமானால் சக்கரம் உள்ளே அரைவட்டமாகக் குழிய வேண்டும். முதல் சில சக்கரங்களில் வைரமணிகளை உலோகப் பிணைப்பு பற்றியிருக்கிறது. பின்னால் வரும் மெருகுச் சக்கரங்களில் பிசின் பிணைப்பு. மழுங்கிய வைரம் உதிர்ந்து புதிய வைரம் தலைகாட்டும் வேகத்தில் பிணைப்பும் தேய வேண்டும் என்பதால், வைரத்தை எளிதில் மழுக்கும் கடினமான கல்லுக்கு மிருதுவான பிணைப்பும், பிணைப்பையே அரித்துவிடும் சொரசொரப்பான கல்லுக்குக் கடினமான பிணைப்பும் ஏற்றவை. கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும் இந்த விதியை அறியாமல் வாங்கிய சக்கரம் வைரம் மழுங்கியபின் கல்லைச் சுரண்டாமல் வழுக்கிக்கொண்டே ஓடும்.

இடுப்புக் குழிந்த சக்கரத்தில் இன்னொரு சூட்சுமம் உண்டு. குழியின் நடுவில் விட்டம் 60 மில்லிமீட்டர், மேல்கீழ் உதடுகளில் 80 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 3000 சுற்று சுழலும்போது நடுப்பகுதி கல்லின்மேல் வினாடிக்கு 9.4 மீட்டர் வேகத்திலும், உதடுகள் 12.6 மீட்டர் வேகத்திலும் ஓடுகின்றன. ஆகவே ஒரே விளிம்பின் மூக்கும் அதன் மேல்கீழ்த் தோள்களும் ஒரே அளவு தேய்வதில்லை. தோள் பளபளத்து மூக்கு மங்கலாக வரும் விளிம்புகளைப் பார்த்துக் கல்லைக் குறைசொல்கிறவர்கள், இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். பலகையின் கனமும் சேர்ந்து தொல்லை கொடுக்கிறது: 18 மில்லிமீட்டர் என்று விற்கும் பலகை, இடத்துக்கு இடம் அதைவிடச் சற்று ஏறியும் இறங்கியும் இருக்கும், சக்கரத்தின் குழியோ மாறாது. எனவே வேலையைத் தொடங்குமுன் தொடுமுனை ஒன்றை அங்கங்கே இறக்கி உயரத்தை அளந்து, சக்கரத்தின் மையத்தைக் கல்லின் மையத்தோடு பொருத்துகிறார்கள்.

சக்கரம் தேயத் தேய அதன் விட்டம் குறைகிறது. நிரலில் எழுதியிருப்பது கல்லின் விளிம்புக்கோடு. சக்கரத்தின் ஆரம் எவ்வளவோ அவ்வளவு தள்ளி ஓடும்படி ஜி41, ஜி42 என்ற கட்டளைகள் யந்திரத்துக்குச் சொல்லுகின்றன. நேற்று அளந்த ஆரத்தையே இன்றும் யந்திரம் நம்பினால், தேய்ந்த சக்கரம் கல்லைத் தொட்டும் தொடாமலும் ஓடி, மெருகு திட்டுத்திட்டாக விழும். மாறாக, அழுத்தத்தைக் கூட்டிவிட்டால் பிசின் இளகிக் கல்லின்மேல் ஒட்டி, வெளிர்ந்த நிறக் கற்களில் அழியாத கறையாகிறது. இயக்குகிறவர் இதனால்தான் திரையில் காட்டும் ஆம்பியர் அளவை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை: சுழல்தண்டின் மோட்டார் இழுக்கும் மின்சாரம் ஏறினால் சக்கரம் ஆழமாகக் கடிக்கிறது, இறங்கினால் காற்றில் சுழல்கிறது. சமையல் மேடையில் கழுவுதொட்டிக்கான துவாரத்தை வெட்டும்போது உள்மூலையின் வளைவு சக்கரத்தின் ஆரத்தைவிடச் சிறிதாக இருக்க முடியாது என்பதையும், வெளிமூலையில் சக்கரம் நின்று திரும்பும் கணத்தில் உஷ்ணம் குவியும் என்பதையும் யந்திரம் தானாக அறியாது. நிரலை எழுதுகிறவர்தான் மூலையை ஒரு சிறு வில்லாக்கி, அங்கே நகர்வேகத்தைச் சரிப்படுத்த வேண்டும். கை போய் யந்திரம் வந்ததால் கல்லறிவு தேவையற்றுப் போயிற்று என்று சொல்கிறவர்கள், இந்த வேலையை அருகே நின்று பார்த்தவர்கள் அல்லர் என்றே நான் கருதுகிறேன்.

யந்திரத்தின் துல்லியத்தை எதைக்கொண்டு சோதிக்கிறார்கள் என்பதும் கேட்கத் தக்கது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் வார்ப்பிரும்புக்குத் தட்டுப்பாடு வர, சமதளம் சோதிக்கும் மேடைகளைக் கல்லால் செய்யத் தொடங்கினார்கள். உஷ்ணத்தில் எஃகு விரிவதில் ஏறக்குறைய பாதி அளவே கறுப்புக் கல் விரிகிறது, துருப்பிடிப்பதில்லை, ஏதேனும் விழுந்து இடித்தால் இரும்பைப்போல் விளிம்பு பிதுங்காமல் வெறும் சில்லாகத் தெறித்துவிடுகிறது. உலகெங்கும் அளவைக் கூடங்களில் இன்று யந்திர உறுப்புகளை அளப்பது பெரும்பாலும் கல் மேடைகளின்மேல்தான்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயத்தை விடக்கூடாது. சக்கரத்தின் நடுத்துவாரம் வழியாகவும் வெளிக்குழாய்கள் வழியாகவும் இடைவிடாமல் பாயும் நீர், வைரத்தையும் பிசினையும் உஷ்ணத்திலிருந்து காப்பதோடு, மனிதரின் நுரையீரலையும் காக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய சிலிக்காத் தூசி நுரையீரலின் அடிவரை சென்று தங்கி உண்டாக்கும் சிலிக்கோசிஸ் நோய்க்கு இன்றுவரை மருந்து இல்லை. நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அதை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்திருந்தது. சிலிக்கா மிகுந்த செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளை ஆஸ்திரேலியா 2024 ஜூலையிலிருந்து தடைசெய்தே விட்டது. வீட்டு வாசலில் உட்கார்ந்து, நீர் தெளிக்காமல், முகத்தில் துண்டை மட்டும் சுற்றிக்கொண்டு ஒருவர் கைமிஷினால் விளிம்பு தேய்த்துக் கொண்டிருப்பதைக் காணும்போது மனம் பதைக்கிறது. துண்டு அந்தத் தூசியைத் தடுக்காது. வேலை கொடுக்கிறவர் ஒரு குழாயையும் தகுந்த முகக்கவசத்தையும் ஏற்பாடு செய்து கொடுப்பது தயவல்ல, கடமை. கழிவாக வரும் சேற்றையும் தொட்டிகளில் தெளியவிட்டு நீரைத் திரும்பப் பயன்படுத்தலாம். வாய்க்காலில் விட்டால் அந்த மாவு மண்ணின் துளைகளை அடைத்து, மழைநீர் இறங்கவொட்டாமல் செய்துவிடும்.

கல் வாங்குகிறவர்களுக்கு விளிம்பு இன்னொரு உபகாரமும் செய்கிறது. சாம்பல் கலந்த மலிவான கல்லின் முகத்தில் சாயமோ எண்ணெயோ ஏற்றிக் கன்னங்கறுப்பாக விற்பது வணிகத்தில் நடப்பதுண்டு. சாயம் மேற்பரப்பிலிருந்து அதிக ஆழம் போவதில்லையாதலால், விளிம்பைத் தேய்த்து மெருகேற்றியதும் உள்ளே இருக்கும் உண்மையான நிறம் வெளிப்பட்டுவிடும். ஆகவே பலகையைத் தேர்ந்ததும் முழு மேடைக்கும் வெட்டச் சொல்லாமல், கழிவுத் துண்டு ஒன்றின் ஓரத்தை முதலில் 3000 வரை தேய்த்துக் காட்டச் சொல்லி, அதன் நிறத்தை முகத்தின் நிறத்தோடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வெள்ளைத் துணியை அசிட்டோனில் நனைத்து முகத்தின்மேல் அழுத்தித் துடைத்தால், சாயம் ஏற்றிய கல்லாக இருந்தால் துணியில் கறுப்புப் படியும்.